பலகாரப் பெட்டிக்குள் பழனியக்கா வைத்த கடல்

காலையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது ஏற்காட்டிலிருந்து போன் வந்தது. பேசியது சேகர், பழனியக்காவின் மூத்த மகன். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றான். ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். என் மனதில் முதலில் எழுந்தது அழுகை அல்ல. 'இதிலும் என்னை முந்திக்கொண்டார்' என்ற எண்ணம்தான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, பஸ்ஸில், அடிவாரம் தாண்டிய பிறகு.

பழனியம்மாள் என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கு ஓர்ப்படி. ஏற்காடு கடைவீதியில் எங்கள் குடும்பத்து ஓட்டலில் ஒரு தடவையாவது சாப்பிட்டவர்களுக்கு அவர் பழனியக்கா. படத்திறப்பன்று வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி சேகர் கேட்டான். "உங்களுக்குத்தான் சித்தி எழுத வரும்" என்றான். எழுத வரும்தான். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாசமும் மரியாதையும் பின்னால் நிற்கின்றன, பொறாமைதான் முன்னால் வந்து உட்காருகிறது. ஒரே அடுப்படியில் அவரோடு புழங்கிய வருஷங்களில் என் மனதில் அதிக இடம் பிடித்திருந்தது அதுதான். அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதியது போலாகிவிடும். அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். இங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த என் மாமா பார்த்து முடித்த சம்பந்தம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் கல்யாணமாகி மலை ஏறி வந்தபோது எனக்கு இட்லி மாவு ஆட்டத் தெரியாது. குளிர் தாங்காது. நான் பேசும் தமிழைக் கேட்டு ஓட்டலில் பரிமாறுகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். அக்கா அப்படியல்ல. மலையடிவாரத்துக் குப்பனூரில் பிறந்தவர். தோசைக் கல்லையும் கல்லாவையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்வார். கோபமாக வருகிற ஆளை "ஏனுங்க, மொதல்ல உக்காருங்க" என்ற ஒரு சொல்லில் உட்கார வைத்துவிடுவார். அந்த வீட்டில் அவரிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்தது ஒன்றே ஒன்று. கடல். நான் வந்தபோது அந்த வீட்டில் வேறு யாரும் கடலைப் பார்த்ததில்லை. சாயங்காலங்களில் குழந்தைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கடல் கதை கேட்பார்கள். புயல் வந்தது, படகு கவிழ்ந்தது, மீன் மழை பெய்தது என்று நானும் அளந்து விடுவேன். அக்கா வெங்காயம் அரிந்துகொண்டே கேட்பார். ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்.

பிறகு அந்தப் படம் வந்தது. ஒரு கல்யாணத்துக்காகப் பெண்கள் எல்லோரும் சேலத்துக்கு இறங்கியிருந்தோம். மறுநாள் மதியம் ஒரு தமிழ்ப் படத்துக்குப் போனோம், டிக்கெட் இல்லை. வந்ததற்குப் பக்கத்துத் தியேட்டரில் ஓடிய இங்கிலீஷ் படத்துக்குள் நுழைந்தோம். பழைய படம், திரும்ப ஓட்டினார்கள். கடலுக்கடியில் போகும் ஒரு கப்பல், அதைக் கட்டிப் பிடிக்கும் மலைபோன்ற ஒரு ஆக்டோபஸ், இருட்டுத் தண்ணீருக்குள் கப்பலின் விளக்குகள். மாமியார் தூங்கிவிட்டார். மற்றவர்கள் முறுக்கு தின்றார்கள். அக்கா மட்டும் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பாஷை புரியாத படத்தை இமைக்காமல் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மலை ரோட்டு வளைவுகளில் எப்போதும் வாந்தி எடுப்பவர், அன்று எடுக்கவில்லை. நான் என் அதிகாரத்தைக் காட்ட வேண்டுமே என்று, "சினிமால காட்டுறதெல்லாம் பொய்க்கா. கடலுக்கு அடில அப்படியெல்லாம் இருக்காது" என்றேன்.

"நீ போயிப் பாத்திருக்கறயா கண்ணு?" என்றார். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கடற்கரையில் பிறந்த நான் ஒரு நாளும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை.

ஓட்டலின் வாசலில் பலகாரம் அடுக்குகிற கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது நினைவிருக்கும். சீசன் முடிந்து மழை தொடங்கினால் ஜாங்கிரி வாங்க ஆள் இருக்காது, பெட்டி காலியாகக் கிடக்கும். அந்த வருஷ மழையில் அக்கா அதைக் கழுவித் துடைத்து, தன் வீட்டுக்காரரிடம், "ஏனுங்க, இதுல ஒண்ணு செஞ்சு பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். "பூச்சி அடையறதுக்கு எதையாச்சும் வையி" என்று அவர் சொல்லிவிட்டார்.

அக்கா ஆரம்பித்தார். எஸ்டேட் மரங்களில் நரைத்த தாடி மாதிரி தொங்கும் பாசியைக் கொண்டுவந்து காயவைத்தார். மலைக்காரர்கள் தேன் பிழிந்துவிட்டுப் போட்ட காய்ந்த தேனடை பவளப் பாறை ஆனது. சிகரெட் அட்டைக்குள் வரும் வெள்ளித் தாள் மீன் கூட்டம் ஆனது. சைக்கிள் டியூபை வெட்டி ஆக்டோபஸ் செய்தார். அதன் கைகளில் வரிசையாக பிரஸ் பட்டன்களைத் தைத்தபோது எனக்கே உடம்பு கூசியது. கப்பல் வேறு ஒன்றுமில்லை, ஒரு பழைய டார்ச் லைட். அதன் தகரத்தில் ஆணியால் துளை போட்டிருந்தார். உள்ளே பல்ப் எரிந்தால் ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் கசியும்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கல்யாணத்தின்போது ஊரிலிருந்து ஒரு டப்பா நிறையச் சங்கும் சிப்பியும் கொண்டுவந்திருந்தேன். யாருக்கும் தொடக் கொடுத்ததில்லை. அதை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன். இல்லாவிட்டால் அந்தக் கடலில் என் பங்கு என்று ஒன்றும் இருக்காதே என்ற பயம். அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு டப்பாவை மூடி என்னிடமே தந்தார்.

"வேண்டாங் கண்ணு. நெசச் சங்கு ஒண்ண வெச்சா, மத்ததெல்லாம் பொய்யின்னு அது காட்டிக் குடுத்துரும்."

அது எவ்வளவு சரி என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது. ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. எல்லாம் வைத்து முடித்து விளக்கைப் போட்டபோது அது கடலாக இல்லை, கொலு போல இருந்தது. தண்ணீர் இல்லை. அக்காவும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். "தண்ணி வரல" என்றார். நான் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்து எனக்கு டைபாய்டு வந்தது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். கூட இருந்தவர் அக்காதான். மலம் எடுத்தார், கஞ்சி ஊட்டினார், காய்ச்சலில் நான் பிதற்றியதை எல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரம் தட்டில் இருந்த தண்ணீரில் வெயில் பட்டு, எதிர்ச் சுவரில் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார். பிறகு என் கைக்கு மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார். சொட்டு, சொட்டு. திரும்பவும் சுவரைப் பார்த்தார்.

"தண்ணி இல்லாமயே செவுத்துல தண்ணி ஆடுது பாரு கண்ணு" என்றார்.

நான் கொஞ்சம் தேறியதும், காலியான பாட்டிலையும் குழாயையும் நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துக்கொள்ள என் அம்மாவை வரச்சொல்லிவிட்டு முன்னதாகவே மலை ஏறினார். என் உடம்புக்குள் இறங்கிய சொட்டிலிருந்து அவர் தன் கடலை எடுத்துக்கொண்டு போனார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் வீடு திரும்பிய நாளை மறக்க முடியாது. கம்பளி போர்த்தி ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆரத்தி எடுக்க ஆள் இல்லை. வாசலில் பெரிய கூட்டம், ஆனால் எல்லோருடைய முதுகும்தான் எனக்குத் தெரிந்தது. என் மகள் செல்வி அந்தக் கூட்டத்தில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். "செல்வி" என்று கூப்பிட்டேன். "இரும்மா, கப்பல் வருது" என்றாள், திரும்பாமலே.

கூட்டம் விலகி வழி விட்டது. பார்த்தேன். பெட்டியின் மேல், ஓரங்களில் தண்ணீர் கசியாமல் மக்கு அடித்துத் தொட்டி போலாக்கிய ஒரு கண்ணாடிச் சட்டம். அதில் சொட்டு நீலம் கலந்த தண்ணீர். அதற்கும் மேலே ஒரு பல்ப். பக்கத்தில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து சொட்டு விழ விழ, வளையம் வளையமாக வெளிச்சம் இறங்கி, கீழே மணலிலும் பாசியிலும் மீன்களின் முதுகிலும் நீலமாக அசைந்தது. பாசியே அசைவது போலிருந்தது. பின்பக்கம் கட்டியிருந்த மெல்லிய மல் துணியால் தூரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஆக்டோபஸின் நிழல் நகர்ந்தது. நான் இருந்த ஊர், இருந்த வருஷம் எல்லாம் ஒரு நிமிஷம் கழன்று போயிற்று.

அக்கா உள்ளிருந்து ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். "கடலாட்டம் இருக்குதா கண்ணு? நீ சொன்னாத்தான்" என்றார். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அலையே இல்லையேக்கா" என்றேன்.

"அல மேல இருக்கும். இது கீழ கண்ணு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னை அணைத்து உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். எங்கள் ஓட்டலுக்குப் பெயர்ப் பலகையில் ஒரு பெயர் இருந்தது, ஊர் வாயில் அது 'கடல் கடை' ஆயிற்று. ஏரிக்கும் பகோடா பாயிண்டுக்கும் போகிறவர்கள் முதலில் எங்கள் வாசலில் நின்றார்கள். கரண்ட் போனால் இன்னும் நல்லது. கடல் இருண்டு, டார்ச் லைட் கப்பல் மட்டும் எரியும். கூட்டம் மொத்தமாக "ஆ" என்னும். எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் எடுத்துத் தராத என் கணவர், பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தால் இலையில் சோற்றை விட்டுவிட்டு எழுந்து ஓடுவார். "அண்ணியோட கடல்" என்று பெருமையாகச் சொல்லுவார். சாயங்காலத்தில் குழந்தைகள் என்னிடம் கதை கேட்க வருவது நின்றுபோனது.

சில வருஷம் கழித்து என் தம்பி கல்யாணத்துக்கு அக்கா நாகப்பட்டினம் வந்தார். நான் அதற்காகக் காத்திருந்தேன். இது என் ஊர், என் கடல், இங்கே அவர் வாய் திறக்க முடியாது என்று நினைத்தேன். இறங்கியதும் இறங்காததுமாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேலாப்புலதான் தெரியுது, இல்ல கண்ணு?" என்றார்.

அவ்வளவுதான். என் கடலைப் பற்றி அவர் சொன்னது அதுதான்.

அன்று மாலை என் அப்பா விளையாட்டாகக் கேட்டார், "மலையிலே ஏதோ கடல் வச்சிருக்கீங்களாமே" என்று. அக்கா சொல்லத் தொடங்கினார். கல்யாண வீட்டுப் பெண்கள் பூக்கட்டுவதை நிறுத்தினார்கள். வெளிச்சம் எப்படி இறங்கும், ஆழத்தில் நிறம் எப்படி மாறும், மீன் கூட்டம் எப்படி ஒரே நேரத்தில் திரும்பும் என்று பார்த்தவர் போலச் சொன்னார். சிக்கிய வலையை எடுக்கக் கடலுக்குள் முங்கிப் பழகிய ஒரு படகுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "அந்தம்மா சொல்றது மெய்தான். தூரத்துல, தெளிஞ்ச தண்ணில, வெளிச்சம் அப்படித்தான் ஆடும்" என்றார். அப்பா தன் நாற்காலியிலிருந்து எழுந்து அக்காவை அதில் உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இங்கேயே கெடந்தே. கடலை அவங்கதான் பார்த்திருக்காங்க" என்றார்.

மறுநாள் விடிந்ததும் நான் கடலுக்குப் போனேன். அக்காவும் கூடவே வந்தார், ஏன் என்று கேட்கவில்லை. என் துண்டை வாங்கி வைத்துக்கொண்டு கரையில் நின்றார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால், இடுப்பு, மார்பு. ஒரு அலை தலைக்கு மேல் போனபோது மூச்சைப் பிடித்து முங்கிக் கண்ணைத் திறந்தேன். மண். கலங்கிய மண்ணும் நுரையும். வேறு ஒன்றுமே இல்லை. கண் எரிந்தது. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து, திரும்பவும் முங்கினேன். திரும்பவும் மண்.

கரைக்கு வந்தபோது அக்கா என் தலையைத் துவட்டினார். முகத்தைத் துடைத்துவிட்டார். "இருந்துச்சா கண்ணு?" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். ஏற்காட்டுக் கூட்டத்தின் நடுவே கேட்டபோதுகூட அந்த முகம் இப்படி இருந்ததில்லை. ஒன்றும் இல்லை, மண்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"இருந்துச்சுக்கா."

"லைட்டு ஆடுச்சா?"

"ஆடுச்சு. நீங்க செஞ்ச மாதிரியேதான்."

அக்கா துண்டைப் பிழிந்தார். கடலைப் பார்த்தார். "குடுத்து வெச்சவ நீ" என்றார் மெதுவாக. "எனக்குக் கால் நனைக்கவே பயம்."

அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அது ஒரு முறைதான் என்று நினைத்தேன். நான் பார்க்காத ஒன்றுக்காக அவர் என்மேல் பொறாமைப்பட்டார். ஆனாலும் அந்தக் காலை முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஊர் திரும்பிய பின் அக்கா ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டார். கடலைப் பார்க்க வருகிறவர்கள் ஏதாவது கேட்டால், "எங்க சின்னவளக் கேளுங்க. அவ உள்ளயே போயிப் பாத்தவ" என்பார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டியைப் பார்த்துப் பார்த்து, கடலைப் பற்றிச் சொல்லுவேன். குழந்தைகள் மறுபடியும் என்னிடம் வந்தார்கள். அக்கா வெங்காயம் அரிந்துகொண்டே கேட்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓட்டலைப் புதுப்பித்தார்கள். வாசலில் கூல் டிரிங்ஸ் வைக்கும் பிரிட்ஜ் வேண்டும் என்றார்கள். டியூப் அதற்குள் இற்றுப்போயிருந்தது, பாசியை எலி தின்றிருந்தது. அக்காவே எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைக் குழியில் போட்டார். நான்தான் அழுதேன். "எத்தன வருசம் பாத்தாச்சு, போவுது வுடு கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் சட்னிக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார். அப்படி விட்டுவிட முடிந்ததையும் கண்டு நான் பொறாமைப்பட்டேன்.

என் கணவர் சேலத்தில் தனிக் கடை வைத்தபோது நாங்கள் இறங்கி வந்துவிட்டோம். அக்காவைக் கடைசியாகப் பார்த்தது போன மாதம். வீட்டில் கட்டிலோடு கிடந்தார். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அவர் போர்வையில் விழுந்திருந்தது. சாத்துக்குடி பிழிந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, அன்னிக்கு உங்க ஊருக் கடல்ல நெசமா என்னதான் பாத்தே?"

இனி எதை மறைப்பது? "மண்ணுதான்க்கா. ஒண்ணுமே தெரியல" என்றேன்.

"தெரியும்" என்றார். "கண்ணெல்லாம் மண்ணு வுழுந்து செவந்து கெடந்துச்சே. நான்தான தொடச்சு வுட்டேன்."

"அப்புறம் ஏன் குடுத்து வச்சவன்னு சொன்னீங்க?"

"நீ எனக்காவ ஒரு பொய் சொன்னே. உனக்கு நான் ஒண்ணு சொல்ல வேண்டாமா?"

"அப்ப, என்மேல பொறாமையே வரலையா?"

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "எனக்கெதுக்குக் கண்ணு பொறாம? எங்கிட்டத்தான் கடலு இருந்துச்சே" என்றார்.

அவருக்கு நான் கொடுத்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் தெரிந்தே வாங்கிக்கொண்டு, அதைவிடப் பெரிதாகத் திருப்பியும் கொடுத்திருந்தார். சின்னவளைக் கேளுங்கள் என்று ஊரையே என் பக்கம் அனுப்பியதும் அந்தக் கணக்கில்தான். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை. மீதிச் சாத்துக்குடிச் சாற்றை ஊட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு பழக்கம். யாராவது தாம் செய்ததைக் கொண்டுவந்து காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டால், நான் முதலில் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். பிறகுதான் பொருளைப் பார்க்கிறேன். பேத்தி கோணலாகப் போட்ட கோலமானாலும் சரி, பக்கத்து வீட்டுப் பெண் முதல் முதலாகத் தைத்த ரவிக்கையானாலும் சரி.

காரியத்தன்று நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். டிரைவர்கள், பூ விற்கிறவர்கள், எஸ்டேட்டுக்காரர்கள், சின்ன வயதில் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்று இன்று நரை தட்டியவர்கள். ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, "அக்காவுக்கு எம்மேலதாங்க உசுரு" என்று சொல்லி அழுதீர்கள். நானும் தலையாட்டினேன். இப்போது எழுத்தில் சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்களில் ஒருவர் சொன்னதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.